சித்திரை வெயிலும் செயற்கைப் புல்லும்

பூந்தமல்லியை அடுத்த திருமழிசையில் வீடு கட்டி நாய் வளர்ப்பவர்களுக்குச் செயற்கைப் புல் சுலபமான வழியாகத் தோன்றும். தோண்ட மண் இல்லை; மழையில் சேறு ஒட்டாது.

1966-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், கூரை மூடிய விளையாட்டரங்கில்தான் இது பெயர் வாங்கியது. உள்ளே வெயில் போதாமல் நிஜப் புல் பட்டுப்போயிருந்தது. நம் ஊரில் சிக்கல் நேர் எதிர். கடும் வெயிலில் இந்தப் பிளாஸ்டிக் இழைகள் 60 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். நாயின் பாதம் வெந்துவிடும். புறங்கையை ஏழு விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதனாலும் முடியாது. நிழல் வலையோ வேப்பமர நிழலோ கட்டாயம் வேண்டும்.

அடுத்தது சிறுநீர். மண் உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. தேங்கிய சிறுநீரிலுள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அமோனியாவாக மாற்றுவதால்தான் அந்த நெடி. ஆகவே புல்லைவிட அடித்தளமே முக்கியம். மண்தரை என்றால் ஜல்லி கொட்டி இறுக்க வேண்டும். சிமென்ட் தரை என்றால் மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். புல்விரிப்பின் அடிப்பாகம் நீர் வடியும் துளைகள் கொண்டதாக இருக்கட்டும். இழைகளுக்கிடையே ரப்பர் துகள் வேண்டாம், சூடேறும்; அமோனியாவை ஈர்க்கும் ஜியோலைட் என்னும் கனிமத் துகள் நல்லது. தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் வடிகாலைப் பாருங்கள். எலிக்காய்ச்சல் கிருமி தேங்கிய நீரில் பிழைத்திருக்கும்.

முற்றம் முழுவதையும் மூடிவிடாதீர்கள். நாய்கள் புல் கடிக்கும். ஒரு மூலையில் அருகம்புல்லுக்கு இடம் விடுங்கள்.