ஒரு தட்டு, இரண்டு பக்கம்

அமெரிக்க மண்ணின் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரத்தில் வெளிவந்த ஓர் இசைத்தட்டை. சன் நிறுவனம், எண் 209. பாடியவர் 19 வயது எல்விஸ் பிரெஸ்லி. ஒரு பக்கம் 'தட்ஸ் ஆல் ரைட்'. மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினப் பாடகர் ஆர்தர் க்ரூடப்பின் ப்ளூஸ் அது. மறுபக்கம் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி', வெள்ளையரான பில் மன்ரோவின் கன்ட்ரி பாட்டு. மூலப் பாடல்கள் இரண்டும் 1946 செப்டம்பரில், ஒரே நகரமான சிகாகோவில் பதிவானவை. ஆனால் அவற்றை விற்ற நிறுவனங்கள் இரண்டையும் வெவ்வேறு பட்டியலில்தான் வைத்திருந்தன.

அந்தப் பிரிவினைக் கோட்டைக் கிழித்தது வியாபாரம். 1920-இல் மேமி ஸ்மித்தின் 'க்ரேசி ப்ளூஸ்' நன்றாக விற்றதும், கறுப்பின மக்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். சில ஆண்டுகளில் மலைநாட்டு வெள்ளையரின் பிடில் பாட்டுக்கு இன்னொரு பட்டியல் வந்தது. இரண்டிலும் ரால்ஃப் பியர் என்ற ஒரே மனிதரின் கை இருந்தது.

வாசித்தவர்கள் இந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. 1927-இல் பிரிஸ்டல் ஊரில் பியர் பதிவுசெய்த கார்ட்டர் குடும்பம் கன்ட்ரி இசையின் தாய்வீடு என்பார்கள். அந்த வீட்டின் ஏ.பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுச் சேகரிக்கப் போகும்போது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனத்தில் பிடித்துக்கொள்வார். அதே வாரம் பிரிஸ்டலில் பாடிய ரயில் தொழிலாளி ஜிம்மி ராஜர்ஸின் புகழ்பெற்ற 'ப்ளூ யோடல்' வரிசை ப்ளூஸ் சட்டகத்தில் அமைந்ததுதான். 1930-இல் அதில் ஒன்பதாவது பாட்டுக்கு டிரம்பெட் வாசித்தவர் கறுப்பினக் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் சிறுவனாக அலபாமாவில் கிட்டார் கற்றது ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகரிடம். கன்ட்ரி இசையின் அடையாளமாகிவிட்ட பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம்.

ப்ளூஸின் அமைப்பு எளிமையானது. 12 தாள அளவு, மூன்றே கார்டுகள். ஓர் அடியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாம் அடியில் பதில் சொல்வார்கள். சுரங்கள் பியானோ கட்டைகளுக்கு அடங்காமல் இடையில் வளைந்து நிற்கும். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அந்த வளைவு சட்டென்று பிடிபடும்.

டேப்பில் ஒலிப்பதிவு செய்து பிழைத்தவன் நான். அதனால் சன் கூடத்தின் வேலைப்பாடு என்னை விடாது. சாம் ஃபிலிப்ஸ் 1950-இல் 706, யூனியன் அவென்யூவில் திறந்த சின்ன அறை அது. பி.பி. கிங்கும் ஹவுலின் வுல்ஃபும் அங்கே பாடியிருக்கிறார்கள். 1954 ஜூலை 5 இரவு எல்விஸ் பாடிய மெதுவான பாட்டுகள் எதுவும் எடுபடவில்லை. இடைவேளையில் அவர் விளையாட்டாக க்ரூடப்பின் பாட்டை வேகமாக எடுத்தார். பில் பிளாக் பாஸிலும் ஸ்காட்டி மூர் கிட்டாரிலும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே இருந்த ஃபிலிப்ஸ், முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்தார்.

டிரம் கிடையாது. பாஸின் தந்தியை இழுத்துவிட்டுப் பலகையில் அறைவார்கள், அதுதான் தாளம். சன் தட்டுகளின் எக்கோவுக்கு இரண்டு டேப் மெஷின்கள். ஒன்றில் போகும் ஒலி இரண்டாவதிலும் பதிவாகும். அங்கே பதியும் ஹெட்டுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் நடுவே சிறு தூரம். டேப் அதைக் கடக்கும் நேரம் தாமதித்து அதே குரல் திரும்பி வந்து கலக்கும். அதே கூடத்தில் பாடிய ஜானி கேஷ் கிட்டார் தந்திகளுக்கு இடையே காகிதத்தைச் செருகி, ஸ்னேர் டிரம் ஓசையை வரவழைத்தார். வசதிக் குறைவிலிருந்து இவ்வளவு அழகு பிறந்ததை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ப்ளூஸும் கன்ட்ரியும் கலந்த இந்த இசையைத்தான் ராக்கபில்லி என்றார்கள்.

தட்டு வெளிவருமுன்பே வானொலியில் பாட்டு ஒலித்தது. கேட்டவர்களில் பலர் எல்விஸைக் கறுப்பர் என்றே நினைத்தார்கள். அறிவிப்பாளர் டூயி ஃபிலிப்ஸ் அவரிடம் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்டார். பள்ளிகள் நிறத்தால் பிரிந்திருந்த ஊர் அது. பள்ளியின் பெயரைச் சொன்னதும் நேயர்களுக்கு விளங்கிவிட்டது.

மன்ரோவுக்கு அந்தத் தட்டு ராயல்டி கொண்டுவந்தது. அந்த ஆண்டே தன் பாட்டை மறுபடி பதிவுசெய்தார்: பழையபடி மூன்றடித் தாளத்தில் தொடங்கி, நடுவில் எல்விஸைப் போல நாலடிக்குத் தாவினார். க்ரூடப்புக்குச் சேர வேண்டிய பணமோ 1974-இல் அவர் இறக்கும்வரை முழுதாக வரவில்லை. ஒரே தட்டின் இரண்டு பக்கங்களுக்கு இரண்டு விதக் கணக்கு. எல்விஸைக் கேட்கும் எவரும் க்ரூடப்பின் 1946 பதிவைக் கேட்டே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். கிட்டார், பாஸ், டிரம் மூன்றே வாத்தியங்கள். எல்விஸின் துள்ளல் முழுவதும் ஏற்கெனவே அதில் இருக்கிறது.