ஏகாதசிக்கு முன்னும் பின்னும்: தண்ணீர் விரதம் இருப்போர் அறிய வேண்டியவை

சென்ற வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் விடியற்காலையில், ஐம்பத்தெட்டு வயதுடைய அம்மையார் ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். நினைவு தப்பியிருந்தது. உடல் வியர்வையில் நனைந்திருந்தது. இரத்தச் சர்க்கரை 38 மி.கி. மட்டுமே. சிரை வழியே குளுக்கோஸ் செலுத்திய சில நிமிடங்களில் கண் விழித்தார்.

நீரிழிவுக்காகக் கிளிமிபிரைடு மாத்திரை உட்கொள்பவர் அவர். தண்ணீர் மட்டும் அருந்தி விரதம் இருந்த நாளிலும் காலை, இரவு மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கியிருக்கிறார். மாலையில் வந்த நடுக்கத்தையும் வியர்வையையும் விரதக் களைப்பு என்றே எண்ணியிருக்கிறார். "ஒரு வேளைகூட மாத்திரையை விடக்கூடாதென்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் விடையில்லை. விரதம் இருப்பதுண்டா என்று நாங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை. சொன்னால் தடுத்துவிடுவோமோ என்று அஞ்சி அவரும் சொன்னதில்லை.

பக்தியால் விரதம் இருப்போரும், உடல் எடை குறையுமென்று கைப்பேசியில் பார்த்துத் தொடங்குவோரும் இன்று எங்களிடம் வருகின்றனர். யாரையும் கடிந்துகொள்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. 24 முதல் 36 மணி நேரம் வரையிலான தண்ணீர் விரதத்தை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு முடிப்பது என்பதையே இங்குக் கூறுகிறோம். அதற்கு மேற்பட்ட விரதத்தை வீட்டில் தாமாக மேற்கொள்வது தகாது.

விரதம் ஒரு நாளன்று, மூன்று நாள்

நம் முன்னோர் ஏகாதசியைத் தனித்து வைக்கவில்லை. தசமியன்று ஒரு வேளை உணவு, ஏகாதசியன்று உபவாசம், துவாதசியன்று பாரணை என்று மூன்று நாளாக வகுத்தனர். ஆயத்தமும் மீட்சியும் விரதத்தின் உறுப்புகளே என்பதை அவ்வொழுங்கு உணர்த்துகிறது. எங்களிடம் வரும் இடர்களில் பெரும்பாலானவை, இவ்விரண்டும் கைவிடப்பட்டதால் நேர்பவையே.

உடலுக்குள் நிகழ்வது

உணவு நின்றதும் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிவிடுகிறது. ஏறத்தாழ ஒரு நாளில் அச்சேமிப்பு தீர்ந்துவிடும். பின்னர் கொழுப்பு கரைந்து கீட்டோன்கள் பெருகும். தசைப் புரதமும் ஓரளவு செலவாகும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் மிகுதியாக வெளியேற்றும். எழும்போது வரும் தலைசுற்றலுக்கு இது முதன்மைக் காரணம். முதல் இரு நாள்களில் குறையும் எடையில் பெரும்பகுதியும் இந்த நீரே. உணவு உண்டதும் அது திரும்பிவிடும்.

விரதத்தால் உயிரணுக்கள் தம்மைத் தாமே தூய்மைப்படுத்திக்கொள்ளும் என்றும், அதற்கு நோபல் பரிசே கிடைத்தது என்றும் பலர் கூறுகின்றனர். 2016ஆம் ஆண்டுப் பரிசைப் பெற்ற ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி அச்செயல்முறையைக் கண்டறிந்தது ஈஸ்ட் நுண்ணுயிரில். மனிதர் இத்தனை மணி நேரம் பட்டினி இருந்தால் இன்ன நோய் தீரும் என்பது அந்த ஆய்வின் முடிவன்று.

தண்ணீர் விரதம் தகாதவர்கள்

கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், சிறுவர், தளர்ந்த முதியோர், உடல் மெலிந்தோர், முதல் வகை நீரிழிவு உடையோர், இன்சுலின் செலுத்திக்கொள்வோர், சிறுநீரகம், கல்லீரல் அல்லது இதயம் பழுதுற்றோர், வலிப்பு நோயர், மதுப் பழக்கத்திற்கு அடிமையானோர், உண்ணும் பழக்கம் சார்ந்த மனநலக் குறைபாடு உடையோர், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோர் இதனைத் தவிர்க்க வேண்டும். யூரிக் அமிலத்தால் மூட்டு வலி உடையோருக்கு விரதத்தால் வலி மூளக்கூடும்.

ஆயத்தம்

விரதத்திற்கு ஒரு வாரம் முன்பே மருந்துச் சீட்டுடன் மருத்துவரைக் காணுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை வயிறு வெறுமையாக இருப்பினும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் உட்கொள்வோருக்கு, சர்க்கரை அளவு உயராமலே இரத்தத்தில் அமிலம் மிகும் ஆபத்து உண்டு. எனவே சில நாள் முன்பே அவற்றை நிறுத்த வேண்டியிருக்கலாம். இரத்த அழுத்த மாத்திரைகளையும், சிறுநீர் பெருக்கும் மாத்திரைகளையும் மாற்றியமைக்க நேரிடும். எதனையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

காப்பி, தேநீர்ப் பழக்கம் உடையோர் மூன்று நான்கு நாள் முன்னிருந்தே அளவைக் குறைத்து வாருங்கள். விரத நாளின் தலைவலிக்குப் பெரும்பாலும் காப்பி நின்றதே காரணம். முதல் நாள் விருந்துபோல் உண்ணாமல், பருப்பு, காய்கறி சேர்ந்த எளிய உணவைப் போதிய அளவில் உண்ணுங்கள்.

விரத நாளில்

இரண்டு முதல் இரண்டரை லிட்டர் வரை தண்ணீரை நாள் முழுதும் சிறுகச் சிறுகப் பருகுங்கள். ஒரே மூச்சில் மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்துவிடும். படுக்கையிலிருந்து மெல்ல எழுங்கள். வெயிலில் நெடுநேரம் வரிசையில் நிற்பதையும் வாகனம் ஓட்டுவதையும் தவிருங்கள். வீட்டில் ஒருவருக்கேனும் நீங்கள் விரதம் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

நீரிழிவு உடையோர் மருத்துவர் இசைவுடன் விரதம் இருந்தால், குளுக்கோமீட்டரில் பலமுறை சோதித்துக்கொள்ளுங்கள். விரலில் ஊசி குத்துவதால் விரதம் கெடாது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300ஐக் கடந்தாலும் விரதத்தை உடனே முடித்துவிடுங்கள். 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அளவு உயர்ந்ததும் உணவு உண்ணுங்கள். 300ஐக் கடந்தால் சர்க்கரை நீர் கூடாது, மருத்துவரை அணுகுங்கள்.

குழப்பம், மயக்கம், நெஞ்சு வலி, இதயப் படபடப்பு, மூச்சு வாங்குதல், ஓயாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். நினைவற்றவரின் வாயில் எதனையும் ஊற்றாதீர்கள்.

பாரணை

பலர் தவறுவது இங்குதான். கோயிலிலிருந்து திரும்பியதும் நெய் மிதக்கும் பொங்கல், வடை, பாயசம் என்று அமர்ந்துவிடுகின்றனர். வயிறு உப்புசமும் வாந்தியும் வரும். நீரிழிவு உடையோருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறும்.

முதலில் அரைக் குவளை நீர்த்த கஞ்சி அல்லது மோர் அருந்துங்கள். இரண்டு மணி நேரம் கழித்து இட்டிலியோ, பருப்புடன் குழைந்த சோறோ சிறிதளவு உண்ணலாம். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர்த்து, பல வீடுகளில் புளியின்றிச் சமைக்கும் துவாதசி உணவு எளிமையானதே. அளவு மட்டும் குறைவாக இருக்கட்டும். வழக்கமான உணவுக்கு மறுநாள் திரும்புங்கள். மாத்திரைகளை எந்த வேளையிலிருந்து தொடங்குவது என்பதை முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து நாளுக்கு மேல் உணவின்றி இருந்தவர் திடீரென நிறைய உண்டால், இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை சரிந்து இதயமே தடுமாறக்கூடும். இரண்டாம் உலகப் போரில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட கைதிகளிடம் மருத்துவர்கள் இதனைக் கண்டனர். மெலிந்தோருக்கும் மதுப் பழக்கம் உடையோருக்கும் அதற்குக் குறைந்த நாள்களிலேயே இது நேரலாம்.

தொடக்கத்தில் கூறிய அம்மையார், அடுத்த ஏகாதசிக்கு ஒரு வாரம் முன்பே தம் மகளுடன் வந்தார். மாத்திரையை மாற்றியமைத்தோம். தண்ணீர் மட்டும் என்பதை விடுத்துப் பாலும் பழமும் அளவோடு உட்கொள்ள இசைந்தார். இரவு பத்து மணிக்கு அவர் மகள் சோதித்தபோது சர்க்கரை 118 இருந்தது.

எங்கள் புறநோயாளர் படிவத்தில் இப்போது "விரதம் இருப்பதுண்டா?" என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். நாங்கள் கேட்க மறந்தாலும், நீங்கள் சொல்லிவிடுங்கள்.