பாட்டுடைத் தலைவனும் படத்துத் தலைவனும்

கோவை நூல்களைப் பாடஞ் சொல்லுவோர் முதல் நாளிலேயே மாணாக்கருக்கு ஒரு வேற்றுமையை விளக்குதல் வேண்டும். கோவையிலே தலைவர் இருவர். ஒருவன் பாட்டுடைத் தலைவன். மற்றவன் கிளவித் தலைவன். தஞ்சைவாணன் கோவையிலே பாட்டுடைத் தலைவன் தஞ்சைவாணன். அவன் பெயர் வரும். அவன் மலை வரும். அவன் நாடு வரும். ஆயின், பொழிலிலே தலைவியைக் கண்டு மயங்கி நிற்பவன் அவன் அல்லன். மயங்கி நிற்பவனுக்குப் பெயரே இல்லை. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது இலக்கண நூலார் விதி. பெயருள்ளவன் புகழப்படுகின்றான்; பெயரில்லாதவன் காதல் செய்கின்றான். படிப்பவர் நெஞ்சம் எவன் பின்னே போகும் என்பதை யான் சொல்லவேண்டியதில்லை.

இந்த நுட்பத்தை விளக்குதற்கு இத்தனை ஆண்டுகளும் பழைய உதாரணங்களையே சொல்லிவந்தேன். இப்பொழுது அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் எனக்குப் புதிய உதாரணம் ஒன்றைத் தந்துவிட்டது. அஃது இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல நீளமுங் கொண்ட ஒரு கடதாசி அட்டை. பண்டித வகுப்பிலே என்னிடம் படித்து, இன்று கனடாவில் வாழும் அன்பர் ஒருவர், “ஐயா, இதிலே ஏதோ பாடபேதம் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்” என்று எழுதி, உறையிலிட்டு அனுப்பியிருந்தார். மாணாக்கர் குறும்பு அறுபது வயதானாலும் போகாது போலும்.

இவ்வட்டைகளைப் படச்சீட்டுகள் எனலாம். அந்நாட்டிலே விளையாட்டு வீரர்களின் படங்களை அச்சிட்டு, இலக்கமிட்டு, உள்ளே எவருடைய படம் இருக்கிறதென்று தெரியாதபடி சிறு பொதிகளில் அடைத்து விற்பார்கள். முற்காலத்திலே சிகரெட் பெட்டிக்குள்ளும், பின்னர்ச் சுயிங்கத்தோடும் இவை வந்தன. பிள்ளைகள் வாங்கிச் சேர்ப்பர். இரண்டு வந்தால் ஒன்றைக் கொடுத்து வேறொன்றை மாற்றிக்கொள்வர். 1990 ஆம் ஆண்டளவில் அச்சகங்கள் இவற்றை அளவு கணக்கின்றி அடித்துத் தள்ளின. ஆகவே அக்காலத்துச் சீட்டுகளிற் பெரும்பாலானவை இன்று காசு பெறா. மலிந்த சரக்கிலே மதிப்பு வேண்டுமாயின் அதில் ஏதேனும் ஒரு கோணல் இருத்தல் வேண்டும்.

நம் சீட்டிலே கோணல் இருக்கிறது. 1990-91 ஆம் ஆண்டுக்குரிய ‘ஹூப்ஸ்’ என்னுந் தொகுதியில் 223 ஆம் இலக்கச் சீட்டு அது. வெள்ளி நிற ஓரம், மேற்புறம் வளைந்த வாயில் போன்ற ஒரு சட்டம், அதனுள்ளே படம். கீழே எழுதப்பட்ட பெயர் சாம் வின்சென்ட். ஒர்லாண்டோ மஜிக் என்னும் அணியின் ஆட்டக்காரர். பந்து அவரிடம் இருக்கிறது. சீட்டு அவருடையது, பெயர் அவருடையது, பந்தும் அவருடையது. இவ்வளவும் இருந்தும், சீட்டைக் கையிலெடுத்தவர் எவரும் அவரைப் பார்ப்பதில்லை. அவரைத் தடுத்து நிற்கும் சிவப்புச் சட்டைக்காரரையே பார்க்கிறார்கள். அவர் மைக்கேல் ஜோர்டன்.

ஜோர்டன் அவ்விளையாட்டிலே பெரும்பெயர் பெற்றவர் என்பதைக் கூடைப்பந்தின் வாசனை அறியாதவரும் அறிவர். சிக்காகோ புல்ஸ் அணியிலே அவருடைய இலக்கம் 23. அந்த இலக்கமும் அந்த மனிதரும் சொல்லும் பொருளும் போல ஒட்டியவர்கள். இந்தச் சீட்டிலோ ஜோர்டன் அணிந்திருக்கும் இலக்கம் 12! ஓலைச்சுவடியிலே இப்படி ஓர் எண் கண்டால், ஏடெழுதினவன் பிழை என்று தள்ளிவிட்டுப் போகலாம். ஒளிப்படம் அவ்விதம் பிழைபடாது. உண்மையாகவே அன்று அவர் 12 ஆம் இலக்கந்தான் அணிந்திருந்தார்.

அந்தக் கதை இது. 1990 பெப்ரவரி 14 ஆந் திகதி புல்ஸ் அணியினர் ஒர்லாண்டோ நகருக்கு ஆடச் சென்றனர். ஆட்டத்துக்குச் சற்று முன்னர், உடைமாற்றும் அறையிலிருந்து ஜோர்டனின் சட்டையை யாரோ களவாடிவிட்டார்கள். பொன்னைத் திருடுவார் உண்டு. பொருளைத் திருடுவார் உண்டு. கையில்லாத ஒரு சட்டையைத் திருடினாரும் உளர். கூட்டத்திலே 23 ஆம் இலக்கச் சட்டையணிந்து வந்த இரசிகர் ஒருவரிடம் அதனை வாங்கிப் பார்த்ததாகவும், அஃது அவ்வுடம்புக்குப் பொருந்தவில்லை என்றுஞ் சொல்வர். ஈற்றில், அணியினர் மேலதிகமாகக் கொண்டு வந்திருந்த 12 ஆம் இலக்கச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் களத்தில் இறங்கினார். அச்சட்டையின் முதுகிலே பெயர் இல்லை.

பெயர் இல்லை என்பதைக் கண்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அகத்திணை விதியை ஒரு கள்வன் ஒர்லாண்டோ நகரிலே நிலைநாட்டிவிட்டான்! சீட்டின் கீழே பெயர் பொறித்துப் புகழப்படுபவர் பாட்டுடைத் தலைவராகிய வின்சென்ட். பெயர் சுட்டப்படாது நின்று கண்ணையுங் கருத்தையுங் கவருபவர் கிளவித் தலைவராகிய ஜோர்டன். இன்னுமொன்று. சீட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலே வின்சென்டின் பெயரும் ஆட்டக் கணக்கும் ஒழுங்காக அச்சிடப்பட்டிருக்கின்றன. புறத்திலே பெயர் சொல்லலாம் அன்றோ? அந்தப் புறத்தை ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

நளவெண்பா படித்தவருக்கு வேறொரு நினைவும் வரும். நளனும் ஆடையை இழந்தவன். அவன் ஆடையைப் பறவை கொண்டுபோயிற்று. பின்பு உருமாறி, வாகுகன் என்று வேறொரு பெயர் பூண்டு, அயோத்தி மன்னனிடம் அடங்கி வாழ்ந்தான். ஆனால் அவன் கைப்பட்ட சமையல் அடங்கி இருக்கவில்லை. அதுவே தமயந்திக்கு அவனைக் காட்டிக் கொடுத்தது. பெயரற்ற 12 ஆம் இலக்கக்காரரும் அன்று 49 புள்ளிகள் பெற்றார். வாகுகனுடைய குழம்பு என்று எவருக்குத்தான் தெரியாமற்போகும்?

49 புள்ளி பெற்றும் சிக்காகோ தோற்றது. மேலதிக நேரம் வரை நீண்ட அவ்வாட்டத்தில் ஒர்லாண்டோ 135, சிக்காகோ 129. பலரும் சட்டைக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். வென்ற அணியில் ஆடியவர் வின்சென்ட் என்பதை எவருஞ் சொல்வதில்லை.

பாடபேதத்துக்கு வருவோம். அன்பர் சொன்னது மெய்தான். 223 ஆம் இலக்கத்துக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதற்பாடத்தில் ஜோர்டன் இருக்கிறார். பின்னர் அதே இலக்கத்தில், அதே பெயரில், வேறு படத்துடன் ஒரு சீட்டு வந்தது. அதிலே ஜோர்டன் இல்லை. பதிப்பாசிரியர் கண்ணால் நோக்கினால் இரண்டாவதே திருந்திய பாடம். சாம் வின்சென்ட் என்று பெயரிட்டால் சாம் வின்சென்ட் தானே இருத்தல் வேண்டும்? ஆனால் உலகம் திருந்திய பாடத்தைக் குப்பையிலே போட்டுவிட்டு, முதற்பாடத்தைத் தேடித் திரிகின்றது. செம்பதிப்புக்கு ஆள் இல்லை. இடைச்செருகலுக்கு ஏலங் கூறுகிறார்கள். ஏடு பரிசோதித்த பெரியோர்கள் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பரோ!

அத்தொகுதியைத் தெரிந்து தொகுத்தவர்கள் பந்தை மாத்திரமே பார்த்தார்கள் என்று நினைக்க வேறொரு சீட்டும் இடந்தருகிறது. 205 ஆம் இலக்கம், நியூயோர்க் நிக்ஸ் அணியின் மார்க் ஜக்சனுடையது. அதிலே பின்னணியில், களத்தோரத்து ஆசனங்களில் இருக்கும் இளைஞர் இருவர் மெனென்டஸ் சகோதரர் என்று 2018 ஆம் ஆண்டிலே கண்டுபிடித்தார்கள். 1989 ஓகஸ்டில் தம் பெற்றோரைச் சுட்டுக் கொன்று, 1990 மார்ச்சிலே கைதாகி, 1996 இல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டவர்கள். கொலைக்கும் கைதுக்கும் இடையிலே பணத்தை வாரியிறைத்துத் திரிந்த நாட்களில் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார்கள். சில சதங்களும் பெறாது கிடந்த அச்சீட்டு அன்றிலிருந்து விலை ஏறிவிட்டது. அதைப்பற்றி நகைச்சுவையாக எழுத என் எழுதுகோல் மறுக்கிறது. மார்க் ஜக்சன் வாழ்நாளெல்லாம் பந்தை நயமாகப் பகிர்ந்து கொடுத்த ஆட்டக்காரர். அவருடைய சீட்டை வாங்குவோர் அவரைப் பார்ப்பதில்லை என்பதோடு நிறுத்துகிறேன்.

வின்சென்டை அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. சீட்டின் பின்பக்கம் படிக்கத் தொடங்கியவன், அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைத் தேடிப் படித்தேன். இந்த 12 ஆம் இலக்கக்காரர் அவர் வாழ்விலே நின்றது ஒரு நாள் மாத்திரமன்று.

ஒர்லாண்டோவுக்கு வருமுன்னர் வின்சென்ட் சிக்காகோவிலே ஜோர்டனின் தோழராக ஆடினார். பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் ‘பொயின்ட் கார்ட்’ என்னும் இடம் அவருடையது. 1989 மார்ச்சிலே பயிற்றுநர் டக் கொலின்ஸ் அந்த இடத்தை ஜோர்டனுக்குக் கொடுத்தார். ஜோர்டன் அதிலும் வெளுத்துக் கட்டினார். வின்சென்ட் வாங்கிலே போய் இருந்தார். அவ்வாண்டு புதிய அணிகள் இரண்டு தோன்றின. பழைய அணி ஒவ்வொன்றும் எட்டு ஆட்டக்காரரைத் தனக்கென்று காத்துக்கொள்ளலாம். எஞ்சியவர்களிலிருந்து புதியவை தெரிந்தெடுக்கும் என்று ஏற்பாடு. வின்சென்ட் எஞ்சியவர்களுள் ஒருவரானார். ஒர்லாண்டோ அவரை எடுத்துக்கொண்டது.

சரி, இடம் போனாற் போகட்டும், புதிய ஊர், புதிய அணி, தன் பெயரில் ஒரு படச்சீட்டு என்று வந்தால், அந்தச் சீட்டுக்குள்ளும் அவரே வந்து நிற்கிறார்!

அதன் பின்னர் வின்சென்ட் ஆட்டத்தை விட்டுப் பயிற்றுநரானார். 2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நைஜீரிய மகளிர் அணியை நடத்திச் சென்றார். 2007 இல் ஷார்லட் பொப்கட்ஸ் என்னும் அணி தன் தலைமைப் பயிற்றுநராக அவரை நியமித்தது. அவ்வணியின் பங்குதாரராய், ஆட்ட விவகாரங்களுக்குப் பொறுப்பாய் இருந்தவர் யாவர் என்று வாசகர் இதற்குள் ஊகித்திருப்பர். 82 ஆட்டங்களில் 32 வெற்றி, 50 தோல்வி. ஒரு பருவம் முடிந்ததும், 2008 ஏப்ரலிலே, வின்சென்ட் விலக்கப்பட்டார். களத்திலே இருந்த இடம் 1989 இல் போயிற்று. படத்திலே இருந்த இடம் 1990 இல் போயிற்று. பதவியிலே இருந்த இடம் 2008 இல் போயிற்று. மூன்றிலும் எதிரே நின்றவர் ஒருவர்.

இதனை ஜோர்டன் மேற் குற்றமாகச் சொல்லவில்லை. பந்தை நன்றாக ஆடியது குற்றமா? சட்டை களவுபோனதுதான் அவர் குற்றமா? அவருக்கும் ஒர்லாண்டோவுக்கும் ஏதோ இலக்கப் பொருத்தம் சரியில்லை என்றே தோன்றுகிறது. சிலகாலம் ஓய்ந்திருந்து 1995 இல் அவர் திரும்பி வந்தபோது 45 ஆம் இலக்கம் அணிந்தார். அவ்வாண்டு ஒர்லாண்டோவுடன் ஆடுகையில் நிக் அன்டர்சன் அவரிடமிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு, 45 பழைய 23 ஐப் போல இல்லை என்ற கருத்துப்படப் பேசினார். அடுத்த ஆட்டத்திலே 23 திரும்பி வந்துவிட்டது. எண்ணுஞ் சாத்திரத்தார் இதை ஆராயலாம்.

வின்சென்டுக்குரிய ஒன்றை மாத்திரம் சொல்லவேண்டும். 1985 இலே அவர் பொஸ்டன் செல்டிக்ஸ் அணியிற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1986 ஏப்ரல் 20 ஆந் திகதி, அதே ஜோர்டன் பொஸ்டனுக்கு எதிராக 63 புள்ளிகள் குவித்தார். அன்றும் சிக்காகோ தோற்றது. 135 க்கு 131. அவ்வாண்டுக் கிண்ணம் பொஸ்டனுக்கே. வெற்றி பெற்ற அணியினர் ஒவ்வொருவருக்கும் மோதிரம் அளிப்பது அவ்விடத்து வழக்கம். ஜோர்டனுக்கு முதல் மோதிரம் கிடைத்தது 1991 இல். ஆகவே 1990 இலே எடுத்த இந்தப் படத்தில் நிற்கும் இருவரில், வீட்டிலே மோதிரம் வைத்திருந்தவர் பந்தைக் கையில் வைத்திருப்பவர்தாம். பார்ப்பவர்கள் 12 ஐ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

திருந்திய பாடத்தையும் பார்க்கவேண்டும், கிடைத்தால் அனுப்புக என்று கனடாவுக்கு எழுதினேன். மூன்று கிழமையில் உறை வந்தது. பிரித்தால், உள்ளே ஒன்றுக்கு ஆறு இருந்தன. ஆறிலும் வின்சென்ட் தனித்து ஆடிக்கொண்டிருந்தார். கூடவே ஒரு துண்டுக் கடதாசி: “கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார், ஐயா. தபாற் செலவு மாத்திரமே.”