ஊர்ப் பணமும் ஊர்த் தொழிலும்: பிரஸ்டன் நகரசபை காட்டும் வழி

ஸ்தல ஸ்தாபனம் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவு வருவன வீதி விளக்கும், குடிநீர்க் குழாயும், வீட்டு வரியுமேயாகும். ஊரிலுள்ள சிறு தொழில்களைப் பேணுவதும், இளைஞர்க்கு வேலையும் தொழிற்பயிற்சியும் கிடைக்கத் துணை நிற்பதும் அதன் பணிகளே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மறவாதவர்களும் கடனோ மானியமோ வழங்குவதொன்றே அதற்குரிய வழி என்று எண்ணுகின்றனர். மானியத்தினும் வலிமை மிக்க கருவி ஒன்று ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனத்தின் கையிலும் இருக்கிறது. பொருள் வாங்கவும் வேலை செய்விக்கவும் அது ஆண்டுதோறும் செலவிடும் பணமே அக்கருவி. அப்பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதை ஒட்டியே ஊர்த் தொழில் வளர்வதும் தேய்வதும் பெரிதும் அமைகின்றன. இவ்வுண்மையை இங்கிலாந்திலுள்ள பிரஸ்டன் நகரத்தின் அனுபவம் நன்கு விளக்குகிறது.

நெசவாளர் நகரம்

பிரஸ்டன், லங்காஷயர் ஜில்லாவைச் சேர்ந்த நகரம். லங்காஷயர் என்னும் பெயர் நம் நெசவாளர் குடும்பங்களுக்குப் புதியதன்று. அங்கிருந்து வந்து குவிந்த ஆலைத் துணிகளால் 19-ஆம் நூற்றாண்டில் நம் கைத்தறிகள் நலிந்தன. நூற்கும் பொறியால் பெயர் பெற்ற ரிச்சர்டு ஆர்க்ரைட் 1732-ஆம் ஆண்டில் பிரஸ்டனில்தான் பிறந்தார். கூட்டுறவாளராகிய நாம் போற்றும் ராச்டேல் முன்னோடிகள் 1844-ஆம் ஆண்டில் தம் பண்டகசாலையைத் திறந்ததும் அதே லங்காஷயரில்தான். 1931-ஆம் ஆண்டில் காந்தியடிகள் அங்குச் சென்று, வேலையிழந்து நின்ற ஆலைத் தொழிலாளரைக் கண்டு உரையாடினார்.

நம் தறிகளை முடக்கிய அவ்வாலைகளும் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிரஸ்டன் தன் பருத்தித் தொழிலை இழந்தது. வெளியிலிருந்து பெருமுதல் வந்தால் நகரம் பிழைக்கும் என்று நகரத்தார் நம்பினர். ஏறத்தாழ 70 கோடி பவுன் செலவில் பெரியதொரு கடைவீதி அமைக்கத் திட்டமிட்டுப் பல்லாண்டுகள் காத்திருந்தனர். வருவதாயிருந்த முதன்மையான கடை நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் விலகிக்கொள்ளவே, திட்டம் முழுவதும் கைவிடப்பட்டது. 2010-ஆம் ஆண்டுக்குப் பின் நகரசபைக்கு மத்திய சர்க்கார் அளித்துவந்த மானியமும் பெரிதும் குறைந்தது.

கணக்குப் பார்த்தனர்

இந்நிலையில் நகரசபையார் புதிய பணம் எங்கிருந்து வரும் என்று தேடுவதை விட்டு, உள்ள பணம் எங்கே போகிறது என்று ஆராயத் தலைப்பட்டனர். மாத்யூ பிரௌன் என்னும் நகரசபை உறுப்பினர் இம்முயற்சியில் முன்னின்றார். மான்செஸ்டரிலுள்ள ஸ்தலப் பொருளாதார ஆராய்ச்சி நிலையம் ஒன்று துணை செய்தது.

எந்த ஊரிலும் ஊரைவிட்டு அகலாத நிறுவனங்கள் சில உண்டு. நகரசபை, ஜில்லா சபை, கல்லூரி, பல்கலைக்கழகம், ஆஸ்பத்திரி, போலீஸ் இலாகா, வீட்டுவசதிச் சங்கம் போன்றவை அவை. கப்பலை நிலைநிறுத்தும் நங்கூரம் போன்று ஊரில் ஊன்றி நிற்பதால் இவற்றை நங்கூர நிறுவனங்கள் என்கின்றனர். பிரஸ்டனில் இத்தகைய நிறுவனங்களின் 2012-13-ஆம் ஆண்டுக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தபோது, அவை பொருளும் பணியும் வாங்கச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 75 கோடி பவுன் என்று தெரிந்தது. அதில் பிரஸ்டன் நகரத்திலேயே தங்கியது நூற்றுக்கு 5 பங்கே. லங்காஷயர் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் 39 பங்கே. எஞ்சியது வெளியே சென்றுவிட்டது.

இதன் பொருளை நம் தொழிலைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஓர் ஆஸ்பத்திரி தனக்கு வேண்டிய படுக்கை விரிப்புகளை உள்ளூர் நெசவாளர் சங்கத்தில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பணம் நெசவாளிக்குக் கூலியாகிறது. சாயம் போடுபவனுக்கும் பாவு ஓடுபவனுக்கும் பிழைப்பாகிறது. அவர்கள் அரிசியும் காய்கறியும் வாங்கும்போது பயிரிடுவோனைச் சேருகிறது. ஒரே ரூபாய் பலமுறை ஊருக்குள் உழைக்கிறது. அவ்விரிப்புகளைத் தொலைதூர வியாபாரியிடம் வாங்கினாலோ, அந்த ரூபாய் ஊருக்கு ஒருமுறைகூட உழைக்காமல் போய்விடுகிறது.

டெண்டரைப் பிரித்தனர்

உள்ளூரார்க்கே ஒப்பந்தம் என்று ஒதுக்கிவைக்க அந்நாட்டில் அக்காலத்திலிருந்த சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே சட்டத்துக்கு உட்பட்டே வழி தேடினர். பெரிய டெண்டர்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்தனர். பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவுப் பொருள் ஒப்பந்தம் முன்பு பெருநிறுவனங்களுக்கே எட்டுவதாயிருந்தது. அதனைத் தயிர், முட்டை, பாலாடைக்கட்டி, பால் என்று தனித்தனியே பிரித்தவுடன், அந்த ஜில்லாவின் விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் போட்டியிட்டு ஒப்பந்தம் பெற முடிந்தது. டெண்டர் வரப்போவதை உள்ளூர்த் தொழிலாளர் முன்னதாகவே அறியும்படி செய்தனர். விலையோடு, எத்தனை உள்ளூரார்க்கு வேலை தருவீர், எத்தனை இளைஞரைத் தொழில் பழக ஏற்பீர் என்றும் கேட்கலாயினர்.

2016-17-ஆம் ஆண்டில் மீண்டும் கணக்கெடுத்தபோது, அந்நிறுவனங்களின் மொத்தச் செலவு முன்னையினும் குறைந்திருந்தது. ஆயினும் பிரஸ்டனில் தங்கிய பங்கு நூற்றுக்கு 18 ஆகவும், லங்காஷயரில் தங்கியது 79 ஆகவும் உயர்ந்திருந்தன. நகரத்துக்குள் செலவான தொகை 3 கோடியே 80 லட்சம் பவுனிலிருந்து 11 கோடி பவுனுக்குமேல் பெருகிற்று.

தொழிலறிவும் நல்ல கூலியும்

பணம் ஊரில் தங்கினால் மட்டும் போதாது. அது தொழிலாளியின் கைக்கும் சேர வேண்டும். 2012-ஆம் ஆண்டிலேயே பிரஸ்டன் நகரசபை தன் ஊழியர்க்கு வாழ்க்கைக்குப் போதுமான குறைந்தபட்சக் கூலியை ஏற்றுப் பிறர்க்கு வழிகாட்டியது. தொழிலாளரே உரிமையாளராக விளங்கும் கூட்டுறவுகளைத் தொடங்க நகரப் பல்கலைக்கழகத்தின் துணையோடு முயன்றனர். இதற்கு ஸ்பெயின் நாட்டின் மொண்டிரகானை அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டனர். அங்கு 1943-ஆம் ஆண்டில் பாதிரியார் ஒருவர் சிறியதொரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அதில் பயின்ற ஐவர் 1956-ஆம் ஆண்டில் நிறுவிய தொழிற்கூடமே பின்னர்ப் பெருங்கூட்டுறவாக வளர்ந்தது. தொழிற்பள்ளி முன்னும் தொழிற்கூடம் பின்னும் வந்த அவ்வரிசை கருதத்தக்கது.

இம்முறையால் எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. 2014-ஆம் ஆண்டில் அந்நகரில் நூற்றுக்கு 6.5 ஆக இருந்த வேலையின்மை 2017-ஆம் ஆண்டில் 3.1 ஆகக் குறைந்தது. அக்காலத்தில் இங்கிலாந்தெங்கும் வேலையின்மை குறைந்துவந்ததால், முழுப் பயனையும் நகரசபையின் கணக்கில் எழுதுதல் பொருந்தாது. எனினும் 2023-ஆம் ஆண்டில் லான்செட்டின் பொதுச் சுகாதார இதழில் வெளிவந்த ஆராய்ச்சி, பிரஸ்டனில் ஊதியமும் மனநலமும் மற்ற ஊர்களின் போக்கைக்கொண்டு எதிர்பார்த்ததைவிட மேம்பட்டிருந்ததைக் காட்டியது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இதற்கு இடமுண்டு. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 இனங்களை வரிசைப்படுத்துகிறது. சிறு தொழில்கள், கதர் மற்றும் கிராமக் குடிசைத் தொழில்கள், தொழிற்பயிற்சி ஆகியவை அவற்றுள் அடங்கும். பொதுப் பணத்தால் வாங்குவது நெசவாளர்க்கு எத்துணை ஆதரவு என்பதற்குச் சான்று தேடவும் வேண்டா. 1983-ஆம் ஆண்டில் தமிழகத்தில் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் நம் சங்கங்கள் பலவற்றின் தறிகளுக்கு வேலை கொடுத்துவருகிறது. மாநில அளவில் நடைபெறும் இதனை ஊர் அளவிலும் சிந்திக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

எனவே ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் நம் அங்கத்தினர்கள் தவறாது கலந்துகொண்டு, பஞ்சாயத்து ஆண்டுதோறும் என்னென்ன வாங்குகிறது, எவரிடம் வாங்குகிறது என்று மரியாதையோடு கேட்க வேண்டும். டெண்டர்ச் சட்டத்துக்கு உட்பட்டு எவற்றைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கலாம் என்றும் எடுத்துரைக்க வேண்டும்.

கேட்பவர்க்குக் கடமையும் உண்டு. உள்ளூர்ச் சரக்கு என்பதற்காக மட்டமான துணியையும், தவணை தவறிய சரக்கையும் ஊரார் ஏற்க வேண்டியதில்லை. அது அவர்கள் செலுத்திய வரிப்பணம். சங்கத்தின் தணிக்கை முடிந்த கணக்கு, பதிவுச் சான்று, சரக்கின் அளவும் தரமும் குறித்த விவரம், விலைப் பட்டியல் ஆகியவை எப்பொழுதும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஒரு சங்கத்தால் இயலாத பெரிய ஆர்டரை அண்டைச் சங்கங்கள் கூடிப் பகிர்ந்து நிறைவேற்றலாம். காய்கறி பயிரிடுவோரும் அவ்வாறே ஒன்றுகூடி, பள்ளி விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாள் தவறாது கொடுக்கும் திறனைப் பெற வேண்டும்.

வெளியிலிருந்து பெருமுதல் வரும் என்று பிரஸ்டன் பல்லாண்டுகள் காத்திருந்து ஏமாந்தது. தன் கணக்கைத் தானே புரட்டிப் பார்த்த பின்னரே வழி கண்டது. நம் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்து விவாதித்து, தத்தம் ஊரின் செலவுக் கணக்கைக் கேட்டறிய முன்வருமாறு வேண்டுகிறோம்.