வலிப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருளுக்கு 'அனுமதி' என்றால் என்ன பொருள்?

வலிப்பு என்றாலே நம் பக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பரமத்தி வேலூரில் ஒரு பிள்ளைக்குக் காக்கா வலிப்பு வந்தால் முதலில் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அடுத்து யாராவது ஓதி ஊதச் சொல்வார்கள். அதற்கும் பிறகுதான் நாமக்கல்லுக்கோ, ஆற்றைத் தாண்டிக் கரூருக்கோ, ஈரோடு, சேலத்துக்கோ வண்டி கிளம்பும். அங்கே மருத்துவர் எழுதிக்கொடுக்கும் முதல் பரிசோதனைகளில் ஒன்று இ.இ.ஜி. எனப்படும் மூளை அலைப் பதிவு.

அந்தப் பதிவைப் படித்துச் சொல்ல நரம்பியல் மருத்துவர் வேண்டும். நம் ஊர்களில் அவர்கள் குறைவு. இந்த இடத்தில்தான் மென்பொருள் நுழைகிறது. பதிவைக் கணினியே பார்த்து, 'இந்த நேரத்தில் வலிப்பு இருந்திருக்கலாம்' என்று குறித்துக் காட்டுகிறது. இத்தகைய மென்பொருள்களின் விளம்பரங்களில் 'எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது' என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரி எதை உறுதி செய்கிறது, எதை உறுதி செய்யவில்லை என்பது பிள்ளையின் மருந்தைத் தீர்மானிக்கப் போகும் விஷயம். எனவே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மூளையின் செல்கள் தமக்குள் பேசிக்கொள்வது மிகச் சிறிய மின்சாரத்தால். தலைத்தோலில் அதை அளக்கும்போது 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவே கிடைக்கும். ஒரு டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டைப் பதினைந்தாயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் 100 மைக்ரோவோல்ட். இவ்வளவு மெல்லிய சைகையில் கண் சிமிட்டல், தாடை அசைவு, பக்கத்து மின்வயரின் இரைச்சல் எல்லாம் கலந்துவிடும். வேலூர் வெற்றிலையை ஒருவர் மென்றுகொண்டிருந்தால்கூட, அந்தத் தாடைத் தசையின் அலை பழக்கமில்லாத கண்ணுக்கு வலிப்பைப் போலவே தோன்றலாம். பரிசோதனைக்கு முன் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் வரச் சொல்வதும் மின்முனைகள் தோலில் சரியாக ஒட்ட வேண்டும் என்பதற்காகத்தான்.

மனித மூளை அலையை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஜெனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அது 1924இல். ஐந்து ஆண்டுகள் தயங்கிய பிறகே, 1929இல் அதை வெளியிட்டார். கணினியைக் கொண்டு வலிப்பைத் தானாகக் கண்டறியும் முறையைக் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஜான் காட்மன் 1982இல் வெளியிட்டார். ஆக, 'செயற்கை நுண்ணறிவு நேற்று கண்டுபிடித்த அதிசயம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வேலை இது. பதிவைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் அலை தாளம் தப்பாமல் திரும்பத் திரும்ப வருகிறதா, வேகமும் உயரமும் படிப்படியாக மாறுகிறதா என்று கணினி பார்க்கும். இப்போதைய மென்பொருள்கள், மருத்துவர்கள் ஏற்கெனவே குறித்து வைத்த ஏராளமான பதிவுகளிலிருந்து இதைக் கற்றுக்கொள்கின்றன.

இது மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளினால்தான் வலிப்பு என்று நாம் நினைக்கிறோம். தலையில் அடிபட்டு, அல்லது பக்கவாதம் வந்து நினைவின்றிக் கிடப்பவருக்கு, உடலில் எந்த அசைவும் இல்லாமலேயே மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தொடர்ச்சியாக மூளை அலை பதிவு செய்யப்பட்ட 570 நோயாளிகளில் 110 பேருக்கு வலிப்பு தெரிந்தது. அந்த 110 பேரில் 92 சதவீதத்தினருக்கு வெளியே எந்த வெட்டும் இல்லை. 'அசையாமல் தூங்குகிறார்' என்று கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அது தெரியவே தெரியாது. இரவு இரண்டு மணிக்கு அந்தப் பதிவைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

இதற்காகவே வந்த ஒன்று அமெரிக்காவின் செரிபெல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஜோசப் பர்விசியும், அதே பல்கலைக்கழகத்தின் இசை அமைப்பாளர் கிறிஸ் சேஃபும் மூளை அலையை ஒலியாக மாற்றிக் கேட்டுப் பார்த்ததில் தொடங்கிய முயற்சி அது. வலிப்பின் போது அலையின் ஓசையே வேறு மாதிரி ஒலிக்கும் என்பதால், செவிலியரே காதால் பிரித்தறிய முடியுமா என்று பார்த்தார்கள். பத்து மின்முனைகள் கொண்ட தலைப்பட்டையும், பதிவைக் கவனிக்கும் மென்பொருளும் அதிலிருந்து வந்தன. ஆஸ்திரியாவின் என்செவிஸ், அமெரிக்காவின் பெர்சிஸ்ட் ஆகியவை முழு அளவிலான மின்முனைப் பதிவுகளைப் படிக்கும் மென்பொருள்கள். இவை மூன்றுக்குமே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் அனுமதி உண்டு.

அந்த அனுமதியின் பெயர் 510(கே). அமெரிக்கச் சட்டத்தின் ஒரு பிரிவு எண் அது. இதன்படி நிறுவனம் காட்ட வேண்டியது, 'ஏற்கெனவே சட்டப்படி சந்தையில் இருக்கும் இன்ன கருவிக்கு எங்களுடையது பாதுகாப்பிலும் திறனிலும் நிகரானது' என்பதை. புதிய மருந்துக்குச் செய்வது போல ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கொண்டு, இதனால் உயிர் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படிப்பட்ட கடுமையான வழி தனியாக இருக்கிறது. மண்டையோட்டில் பதித்து, வலிப்பு தொடங்கும்போதே மின்தூண்டல் கொடுக்கும் நியூரோபேஸ் கருவி 2013 நவம்பரில் அந்த வழியாகத்தான் ஒப்புதல் பெற்றது. உடலுக்குள் போகாத, பதிவை மட்டும் படிக்கும் மென்பொருள் நடுத்தர ஆபத்து வகுப்பில் வைக்கப்படுகிறது. இது குறுக்கு வழி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சோதனை எப்படி நடக்கும்? பொதுவாக, நோயாளிகளின் பதிவுகளை மூன்று நிபுணர்களிடம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். எங்கே வலிப்பு என்று ஒவ்வொருவரும் குறிப்பார்கள். மூவரில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்ட இடமே 'உண்மை' என்று எடுத்துக்கொள்ளப்படும். நிபுணர்களே பல இடங்களில் ஒத்துப்போவதில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு. பிறகு மென்பொருள் அந்த இடங்களில் எத்தனையைப் பிடித்தது, இல்லாத இடத்தில் எத்தனை முறை கூவியது என்று எண்ணுவார்கள்.

இந்த இரண்டாவது எண்ணிக்கையைப் பலர் கேட்பதே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு பொய் எச்சரிக்கை என்பது கேட்கச் சிறிதாகத் தெரியும். பத்துக் கட்டில்கள் உள்ள பிரிவில் அது ஒரு நாளைக்கு 60 பொய் எச்சரிக்கைகள். மூன்றாம் நாளே யாராவது அந்த ஒலியை நிறுத்திவிடுவார்கள். எல்லாவற்றையும் பிடிக்கும் மென்பொருள் என்று பெருமை பேசினால், பொய்யாக எத்தனை முறை என்று உடனே கேட்க வேண்டும்.

அனுமதி எந்த வேலைக்குத் தரப்பட்டது என்பதும் முக்கியம். இந்த மென்பொருள்களின் அனுமதி ஆவணங்களில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும்: மருத்துவர் பார்க்க வேண்டிய இடங்களை இது குறித்துக் காட்டும், நோய் இன்னது என்ற முடிவை இது சொல்லாது. வயது வரம்பும் இருக்கும். பெரியவர்களுக்கு அனுமதி பெற்றதைப் பிறந்த குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது. கையில் கட்டும் எம்பிரேஸ் பட்டை 2018இல் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. ஆனால் அது மூளை அலையைப் பார்ப்பதே இல்லை. தோலின் மின்தன்மையையும் கையின் அசைவையும் வைத்து, உடல் முழுதும் வெட்டும் பெரிய வலிப்பைக் கண்டுகொள்கிறது. சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் பிள்ளையின் வலிப்புக்கு அது உதவாது.

பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஒரு நேர்மையான ஆய்வைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் கார்க் நகரத்துக் குழு தலைமையில் ஐரோப்பாவின் 8 மையங்களில் 264 குழந்தைகளிடம் நடந்து, 2020இல் வெளியானது. மென்பொருள் துணை இருந்த பிரிவில், வலிப்பு நிகழ்ந்த மணி நேரங்களில் 66 சதவீதத்தை மருத்துவப் பணியாளர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள். துணை இல்லாத பிரிவில் 45 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 'இந்தக் குழந்தைக்கு வலிப்பு இருக்கிறது' என்று குழந்தையை அடையாளம் காண்பதில் மென்பொருள் இருந்த பிரிவு முந்தவில்லை: 81.3 சதவீதம், மற்றதில் 89.5. கருவி உதவுகிறது, ஆனால் நாம் எதிர்பார்த்த இடத்தில் அல்ல. இப்படிப்பட்ட விவரம் எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் வராது.

இந்தியாவுக்கு வருவோம். அமெரிக்க அனுமதி இருப்பதால் மட்டும் ஒரு மென்பொருளை இங்கே விற்க முடியாது. மருத்துவக் கருவி விதிகள் 2017இல் வந்து, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. 2020 பிப்ரவரி 11ஆம் தேதி வெளியான அறிவிக்கை, நோயைக் கண்டறியவோ கண்காணிக்கவோ பயன்படும் எல்லாக் கருவிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதில் மென்பொருள் என்ற சொல்லே வெளிப்படையாக இருக்கிறது. ஆபத்தைப் பொறுத்து ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள். ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். உள்நாட்டில் தயாரித்தால் முதல் இரண்டு வகுப்புகளுக்கு மாநில அதிகாரியும், மற்றவற்றுக்கு மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பும் உரிமம் தருவார்கள். இறக்குமதி என்றால் எந்த வகுப்பானாலும் மத்திய அமைப்புதான். அந்த இறக்குமதி உரிமத்துக்கு எம்.டி.-15 என்று பெயர்.

அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றில் விற்பனையில் இருக்கும் கருவிக்கு, இங்கே மறுபடியும் நோயாளிகளிடம் ஆய்வு நடத்தாமலே இறக்குமதி உரிமம் கிடைக்க விதிகளில் வழி உண்டு. தாமதம் குறையும் என்பது இதன் நன்மை. நமக்கு ஒரு குறையும் தெரிகிறது. மூளையில் நாடாப்புழுக் கட்டியால் வரும் வலிப்பு நம் நாட்டில் அதிகம். மின்சாரம் வந்து போகும் சிறிய மருத்துவமனையில், இரைச்சலோடு எடுக்கப்படும் பதிவுகளும் அதிகம். அப்படிப்பட்ட பதிவுகளில் அந்த மென்பொருள் சோதிக்கப்பட்டதா என்று மருத்துவமனை நிர்வாகம் விற்பனையாளரிடம் கேட்டால் அதில் தவறில்லை. உள்நாட்டு முயற்சிகளும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ரிஷிகேஷ் எய்ம்ஸும் சேர்ந்து, பதிவிலிருந்து வலிப்பு நோயின் வகையைக் கண்டறியும் முறையை 2022இல் வெளியிட்டன. ஆய்விதழில் வெளியாவது ஒரு கட்டம். உரிமம் பெற்றுக் கட்டிலருகே வருவது வேறொரு கட்டம். செய்தித்தாள்கள் இரண்டையும் கலந்துவிடுகின்றன.

இனி வீட்டுக்குள். கணினி 'வலிப்பு இல்லை' என்று சொன்னதால் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் அரை மணி நேரப் பதிவில் எதுவும் தெரியாமல் போகும். வலிப்பு வராத நேரத்தில் எடுத்த பதிவு சுத்தமாக இருப்பது நோய் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது. பிள்ளைக்கு வலிப்பு வரும்போது வீட்டிலுள்ள ஒருவர் செல்பேசியில் எடுக்கும் காணொளி மருத்துவருக்குப் பல நேரம் அதைவிடப் பயன்படும். அந்த நேரத்தில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108க்கு அழைக்க வேண்டும். இரும்பும் சாவியும் எதையும் நிறுத்துவதில்லை. துஆவை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையும் கூடவே நடக்கட்டும்.

நோன்புக் காலம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஸஹருக்காகத் தூக்கம் கெடுவதும், பகல் வேளை மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்தின் நேரத்தை மாற்றலாமா, நோன்பு வைக்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாமாக வேளையை மாற்றக் கூடாது.

பெண் பிள்ளைக்கு வலிப்பு என்றால் திருமணப் பேச்சுக்குப் பயந்து பரிசோதனைக்கே அழைத்துப் போகாத அத்தா, அம்மாக்களும் உண்டு. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் குறித்திருந்த சொல்லை 1999லேயே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சரியான மருந்து கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை சில உண்டு. அறிக்கையில் மருத்துவரின் கையெழுத்து இருக்கிறதா, அல்லது கணினி அச்சடித்ததை அப்படியே கொடுத்துவிட்டார்களா? மென்பொருள் பயன்படுத்தப்பட்டிருந்தால் அது பிள்ளையின் வயதுக்கு அனுமதி பெற்றதா? அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல், முழுப் பதிவையும் சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேலத்தில் எடுத்ததைக் கோவையிலோ சென்னையிலோ இன்னொரு மருத்துவர் மறுபடி படிக்க அது வேண்டும். மருத்துவக் கருவியால் பாதிப்பு ஏற்பட்டதாகச் சந்தேகித்தால், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் கட்டணமில்லா எண்ணில், 1800-180-3024இல், பொதுமக்களும் தெரிவிக்கலாம்.