வையாபுரிக் குளமும் வண்டல் மண்ணும்

தொப்பம்பட்டிக்காரர்கள் பழனிக்குப் போனால் கண்ணில் படுவது வையாபுரிக் குளம். ஊர்ச் சாக்கடை கலந்து, ஆகாயத்தாமரை மண்டினால் அழகு மட்டுமா கெடும்? பாசனம், மீன்பாசிக் குத்தகை, வலை இழுப்பவரின் கூலி எல்லாம் கெடும். கழிவுநீரையும் பயனாக்க வழி உண்டு: கொல்கத்தாவின் கிழக்கே, நகரக் கழிவுநீரை ஆழமில்லாத குளங்களில் தேக்கி, வெயிலும் பாசியும் சுத்தம் செய்தபின் அதிலேயே மீன் வளர்க்கிறார்கள். அந்த ஈரநிலப் பரப்பு சுமார் 12,500 ஹெக்டேர். 2002 முதல் சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. ஆனால், ஆலைக்கழிவு கலந்தால் இந்த வித்தை பலிக்காது!

குளத்தில் தூர்வாரும் மண்ணும் பிழைப்புக்கு உதவும். தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட ஏரி, குளங்களில் விவசாயிகள் வண்டலையும் மண்பாண்டத் தொழிலாளர்கள் களிமண்ணையும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. தேவைப்படுவோர் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.