சறுக்கும் சக்கரமும் சமப் பங்கீடும்

பள்ளிக்கூடங்களில் மாணவர் நால்வர் கைகோத்து வரிசையாக நடந்து, மைதானத்தின் மூலையில் திரும்புவதை நேயர்கள் கண்டிருக்கலாம். உள்ளோரத்துச் சிறுவன் சிற்றடி வைப்பான்; வெளியோரத்தவன் விரைந்து நடப்பான். இருவரும் ஒரே அளவாக அடியெடுத்து வைத்தால் வரிசை குலைந்துவிடும். நான் பல்லாண்டுகள் மேற்பார்த்த இக்காட்சிதான் மோட்டார் வண்டியின் டிபரன்ஷியலை எனக்கு விளங்கவைத்தது.

வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட மிகுதியான தூரம் ஓடவேண்டும். அவ்வேற்றுமைக்கு இடந்தரும் பல்சக்கரத் தொகுதியே டிபரன்ஷியல். பிரெஞ்சு நாட்டு ஒனெசிபோர் பெக்கூர் என்பார், 1820-களின் இறுதியில், நீராவி வண்டிக்காக இதனை அமைத்தார்.

இதில் ஒரு குறை உண்டு. இது இரு சக்கரங்களுக்கும் முறுக்குவிசையைச் சமமாகவே பங்கிடும். ஒரு சக்கரம் சேற்றில் நின்றால், அது சுழலச் சிறிதளவு விசையே போதும். அச்சிறிதளவுதான் மற்றச் சக்கரத்துக்கும் கிட்டும். ஆகவே, கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் வாளா இருக்க, சேற்றில் நிற்பது வீணே சுழல்கிறது.

இக்குறையை நீக்க எழுந்தவையே வழுக்கலை வரம்புக்குள் நிறுத்தும் டிபரன்ஷியல்கள். அவற்றுள் ஒன்று, அமெரிக்கரான வெர்னான் கிளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு; பின்னர் டார்சென் எனப் பெயர் பெற்றது. விசை மிகுந்தோறும் அதன் திருகுபற்கள் ஒன்றையொன்று நெருக்கி உராய்கின்றன. அவ்வுராய்வு சறுக்கும் சக்கரத்தின் ஓட்டத்தைத் தடுத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கு மிகுதியான பங்கை அளிக்கிறது.

பழைய வண்டியில் இதனைப் பொருத்துவது எப்படி? ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்-5 வண்டியை எடுத்துக்கொள்வோம். 1989-இல் வெளிவந்த இவ்விருவர் வண்டியின் முதல் எஞ்சின் 1.6 லிட்டர் அளவினது. அதன் டிபரன்ஷியல் சிறியது; பெரும்பல்வட்டம் ஏறத்தாழ 6 அங்குலம். 1994 மாதிரியில் 1.8 லிட்டர் எஞ்சினோடு 7 அங்குலப் பல்வட்டமும், விரும்பியவர்க்கு டார்சென் அமைப்பும் வந்தன. பழைய வண்டி வைத்திருப்போர் பலர் இப்பெரிய தொகுதியை நாடுகின்றனர்.

ஆனால், டிபரன்ஷியலை மட்டும் வாங்கினால் வேலை முடியாது. எஞ்சின் விசையைப் பின்னே கொணரும் நெடுந்தண்டும், சக்கரங்களுக்குச் செல்லும் இரு அச்சுத் தண்டுகளும் பெரிய வகையினவாகவே இருத்தல் வேண்டும். நல்வாய்ப்பாக, அவ்வச்சுத் தண்டுகளின் வெளிமுனைகள் பழைய சக்கரக் குடங்களில் பொருந்துகின்றன. கியர்ப்பெட்டியையும் டிபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினியச் சட்டத்தை மீண்டும் முடுக்கும்பொழுது, அது கோணாதபடி அளந்து நிறுத்தவேண்டும். இல்லையேல் அதிர்வு தோன்றும்.

மற்றொரு கணக்கும் உண்டு. பழைய பல்விகிதம் 4.3, டார்சென் தொகுதியினது 4.1. வேகமானி கியர்ப்பெட்டியிலிருந்து இயங்குவதால், முன்பு சரியாகக் காட்டிய மானி இனி 60 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 63-இல் ஓடும். மானியைத் திருத்தாமல் ஓட்டுவது தவறு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஒரு சக்கரம் தரையைவிட்டு முற்றிலும் எழும்பினால் டார்சென் தன்னளவில் உதவாது. பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே. அன்றியும், சாதாரண டிபரன்ஷியல் உள்ள வண்டியில், வளைவிலே மிகுதியாக முடுக்கினால் பெரும்பாலும் உட்சக்கரம் மட்டும் சுழலும். வெளிச்சக்கரம் வண்டியின் பின்புறத்தைப் பிடித்து நிற்கும். புதிய அமைப்பிலோ இரண்டும் ஒருங்கே பிடிப்பிழக்கலாம். மழை நனைத்த சாலையில் பின்புறம் சட்டென்று சுழன்று திரும்பும். ஆகவே, தேய்ந்த டயர்களை முதலில் மாற்றுங்கள். ஆளற்ற திடலில் வண்டியின் புதிய இயல்பைப் பழகியபின் சாலைக்கு வாருங்கள். தொகுதியை ஓரிரு நாளில் மாற்றிவிடலாம். ஓட்டுபவர் கை மாறுவதற்கு அதனினும் நாள் பிடிக்கும்.